வன்னிக் கரையிலிருந்து கடல்நீரைப் பின்தொடர்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று பலக்கும்போது நமது கிழக்குக் கரையில் மூங்கில் மிதவைகள் ஒதுங்குவதுண்டு. மியன்மார்ப் பக்கத்தில் கட்டியவை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். 2022 மார்கழியில் வெற்றிலைக்கேணிக்கு அப்பாலும், 2024 மார்கழியில் முள்ளிவாய்க்கால் கரைக்கும் ரோஹிங்யா மக்களோடு படகுகள் வந்தன. இரண்டும் மார்கழிதான். "நீரோட்டம் கொண்டுவந்தது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எந்த நீரோட்டம், நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், மிதவை வந்த வழியாகத்தான் தண்ணீரும் வந்ததா என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் இல்லை.

அந்தப் பதிலைக் கணக்காகத் தேட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயர்தர இணைந்த கணிதம் படித்திருந்தால் தாராளமாகப் போதும். ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கை ஒருமுறையாவது ஒழுங்காகச் செய்தவர் என்றால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு எக்செல் இருக்கும் ஒரு கணினியும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

வட்டுவாகல் பாலத்தில் நின்று கீழே போகும் தண்ணீரின் வேகத்தை அளக்கலாம். அல்லது, மிதந்து போகும் ஒரு சாதாளைக் கொத்தை (கடல் தாவரம்) கண்ணில் வைத்துக்கொண்டு அது போகும் இடமெல்லாம் கூடவே போகலாம். முதலாவதை ஒயிலர் பார்வை என்றும் இரண்டாவதை லக்ராஞ்சி பார்வை என்றும் சொல்வார்கள். (பெயர் அப்படி நிலைத்துவிட்டது, இரண்டையுமே எழுதிவைத்தவர் ஒயிலர்தான்.)

ஓரிடத்தில் எவ்வளவு தண்ணீர் கடக்கிறது என்பது பாலத்துக் கேள்வி. இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பது சாதாளைக் கேள்வி. பாலத்துக் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்புவதில்தான் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் கருவிகள் வேறு, பிழைகளும் வேறு. உங்களுடைய கேள்வி இதில் எது என்பதை ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

இது சுலபம். அகலம் × ஆழம் × சராசரி வேகம். வாய்க்காலில் கன அடிக் கணக்குப் பார்த்த எந்த விவசாயிக்கும் இது புதிதில்லை. கடலில் அளவு பெரிது என்பதால் செக்கனுக்குப் பத்து இலட்சம் கன மீற்றரை ஓர் அலகாக வைத்திருக்கிறார்கள். நோர்வேக் கடலியலாளர் ஹரால்ட் ஸ்வேட்ரப்பின் பெயரால் அதை ஸ்வேட்ரப் என்பார்கள். எவ்வளவு பெரிது என்று பிடிபடவேண்டுமென்றால் இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் நிறைந்தால் ஏறத்தாழ 15 கோடி கன மீற்றர். ஒரு ஸ்வேட்ரப் ஓட்டம் அதை இரண்டரை நிமிடத்தில் நிரப்பி வான் பாயவைத்துவிடும்.

100 கிலோமீற்றர் அகலம், 200 மீற்றர் ஆழம், செக்கனுக்கு அரை மீற்றர் வேகம் என்று ஒரு நீரோட்டத்தை எடுத்தால் 10 ஸ்வேட்ரப் வருகிறது. கிழக்குக் கரைக்கு அப்பாலான பெருங்கடலில் இந்த மாதிரி எண்கள்தான் பேசப்படும். அதே கணக்கை மேற்கே, நாச்சிக்குடாவுக்கு வெளியே, பாக்கு விரிகுடாவில் போடுங்கள். 30 கிலோமீற்றர் அகலம், 10 மீற்றர் ஆழம், செக்கனுக்கு 20 சென்ரிமீற்றர் என்றால் 0.06 ஸ்வேட்ரப். ஒரே வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல் இருந்தாலும் இரண்டும் ஒரே சாதிக் கடல் அல்ல.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். வேகம் மேலே அதிகம், கீழே போகப்போகக் குறைவு. மேற்பரப்பு வேகத்தை மட்டும் எடுத்து முழு ஆழத்தாலும் பெருக்கினால் விடை ஊதிப்போகும். வெட்டுமுகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேகத்தையும் பரப்பையும் பெருக்கி, பிறகு கூட்டுங்கள். தொகையீடு என்று படித்தது இதைத்தான்.

களப்பில் ஒரு பயிற்சி

களப்புக்குள் வேகம் அளக்கக் கருவி இல்லை என்று கவலைப்படவேண்டாம். உப்பை அளந்தாலே போதும். டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் குனூட்சன் 1900இல் சொன்ன வழி இது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், கடலிலிருந்து உள்ளே வரும் தண்ணீரும் மழையாறுகள் கொண்டுவரும் நன்னீரும் சேர்ந்துதான் வெளியே போகவேண்டும். உள்ளே வந்த உப்பு முழுவதும் வெளியேயும் போகவேண்டும். இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாக் கணியம்.

கற்பனை எண்களைப் போட்டுப் பார்ப்போம். நன்னீர் வரவு செக்கனுக்கு 20 கன மீற்றர், கடலின் உவர்ப்பு 34 (ஒரு கிலோ தண்ணீரில் 34 கிராம் உப்பு), களப்பிலிருந்து வெளியேறும் தண்ணீரின் உவர்ப்பு 28. உள்ளே வரும் கடல்நீர் = 20 × 28 ÷ (34 − 28), அதாவது 93 கன மீற்றருக்குக் கொஞ்சம் மேல். வெளியேறுவது 113. களப்பின் கொள்ளளவை இந்த 113ஆல் வகுத்தால் ஒரு துளி சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பது வந்துவிடும். நந்திக்கடலுக்கோ நாயாற்றுக்கோ கொக்கிளாய்க்கோ இதைச் செய்யலாம். ஆனால் மண்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்ட கோடைகாலத்தில் செய்யாதீர்கள். அப்போது வெளியேறும் வழியே இல்லை, ஆவியாதல்தான் ஆட்சி செய்யும். இந்தக் கணக்கு அர்த்தமில்லாத எண்ணைத் தரும், அதையும் முழு நம்பிக்கையோடு தரும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

கடலின் மேற்பரப்பு மட்டமாக இல்லை. செய்மதிகள் அதன் மேடு பள்ளத்தை அளக்கின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் நேரே இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பூமி சுழல்வதால் அது வலப்பக்கம் திரும்பி, சரிவுக்குக் குறுக்காக ஓடுகிறது. வேகம் = ஈர்ப்பு முடுக்கம் × சரிவு ÷ கோரியோலிஸ் எண். கோரியோலிஸ் எண் என்பது பூமியின் சுழற்சி வேகத்தின் இரண்டு மடங்கை அகலக்கோட்டின் சைன் பெறுமதியால் பெருக்கியது. முல்லைத்தீவின் அகலக்கோடு 9.27 பாகை. விடை செக்கனுக்கு 0.0000235.

100 கிலோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரிவு என்று வையுங்கள். இங்கே வேகம் செக்கனுக்கு 42 சென்ரிமீற்றர். அதே சரிவு 45 பாகை அகலக்கோட்டில் இருந்தால் 10 சென்ரிமீற்றர்கூட வராது. நாம் மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சின்னச் சரிவும் பெரிய ஓட்டத்தைத் தருகிறது. அதே காரணத்தால் செய்மதி அளவீட்டில் வரும் இரண்டு சென்ரிமீற்றர்ப் பிழையும் இங்கே பெரிய பிழையாகிறது. ஐரோப்பாவுக்கு எழுதிய பாடநூலின் நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவரக்கூடாது.

அடுத்தது காற்று. நோர்வே ஆய்வாளர் நான்சென் தன் பிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு 1893 முதல் 1896 வரை மிதந்தபோது, பனி காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போவதைக் கண்டார். அதற்குக் கணக்குப் போட்டவர் சுவீடன் கடலியலாளர் எக்மன், 1905இல் வெளியிட்டார். காற்று தள்ளும் மேல்படை நீர் மொத்தமாக, வடஅரைக்கோளத்தில், காற்றுக்குச் செங்குத்தாக வலப்பக்கம் போகும். அளவு = காற்றின் இழுவிசை ÷ (நீரின் அடர்த்தி × கோரியோலிஸ் எண்). சதுர மீற்றருக்கு 0.1 நியூட்டன் இழுவிசை என்றால் இங்கே ஒவ்வொரு மீற்றர் அகலத்துக்கும் செக்கனுக்கு 4 கன மீற்றருக்குச் சற்று மேல். 100 கிலோமீற்றருக்கு 0.4 ஸ்வேட்ரப்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். சுண்டிக்குளத்திலிருந்து கொக்கிளாய் வரை கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோழகம் இந்தக் கரைக்குக் குறுக்காகக் கடலை நோக்கி வீசுகிறது, வடகிழக்கிலிருந்து வரும் வாடை கரையை நோக்கி வீசுகிறது. ஆகவே எக்மன் ஓட்டம் கரையோரமாகத்தான் போகவேண்டும்: சோழகத்தில் தென்கிழக்கே, வாடையில் வடமேற்கே. ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடை வீசும் காலத்தில், உண்மையான கரையோர நீரோட்டம் தெற்கே போகிறது. மாசியில் வாடை இன்னும் ஓயாமலிருக்க வங்காள விரிகுடாவின் மேற்குக் கரை நீரோட்டம் வடக்கே திரும்பிவிடுகிறது. காரணம், இந்த ஓட்டத்தை இயக்குவது உள்ளூர்க் காற்று மட்டுமல்ல. மத்தியகோட்டிலும் விரிகுடாவின் மறுகரையிலும் அடித்த காற்றின் விளைவுகள் நீண்ட அலைகளாகக் கரையைச் சுற்றி வந்து சேர்கின்றன. சோழக காலத்திலோ தெற்கால் வரும் பருவ நீரோட்டம் இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் வளைகிறது. அதற்கும் நம் கிழக்குக் கரைக்கும் இடையில் இலங்கைக் குவிமாடம் எனப்படும் பெரிய இடஞ்சுழி (கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் சுழி) உருவாகும். அதன் கரைப்பக்க விளிம்பில் தண்ணீர் தெற்கேதான் போகும். கையில் விசிறியை வைத்துக்கொண்டு நீரோட்டத்தின் திசையைச் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

பாக்கு விரிகுடாவுக்கு இந்தச் சூத்திரங்கள் இரண்டையும் கொண்டுபோகவேண்டாம். ஆழம் போதாது, அடித்தள உராய்வே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பாதை போடுவது

சரி, இனி சாதாளைக் கேள்வி. ஒவ்வொரு இடத்திலும் வேகம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். புதிய இடம் = பழைய இடம் + வேகம் × நேர இடைவெளி. எக்செலில் நேரம், அகலக்கோடு, நெடுங்கோடு, கிழக்கு வேகம், வடக்கு வேகம் என்று ஐந்து நிரல்கள். அகலக்கோட்டில் ஒரு பாகை 111 கிலோமீற்றர், நெடுங்கோட்டில் இங்கே சுமார் 110. செக்கனுக்கு அரை மீற்றர் என்பது மணிக்கு 1.8 கிலோமீற்றர், நாளுக்கு 43.

இவ்வளவுதானா என்றால், இல்லை. உண்மைத் தரவைத் தொடுவதற்கு முன் கட்டாயம் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வட்டச் சுழியை நீங்களே உண்டாக்குங்கள். மையம் சைபர். கிழக்கு வேகம் = −0.036 × (மையத்திலிருந்து வடக்குத் தூரம்). வடக்கு வேகம் = 0.036 × (மையத்திலிருந்து கிழக்குத் தூரம்). தூரம் கிலோமீற்றரில், வேகம் மணிக்குக் கிலோமீற்றரில். மையத்துக்குக் கிழக்கே 50 கிலோமீற்றரில் ஒரு துகளை வையுங்கள். அது ஏழு நாளும் சில மணியும் கழித்து ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். இது நமக்கு முன்கூட்டியே தெரிந்த விடை.

ஆறு மணிநேர இடைவெளியில் கணக்குப் போடுங்கள். முதல் அடியில் துகள் 10.8 கிலோமீற்றர் நேர் வடக்கே போகிறது. ஆனால் வட்டம் வளைந்துவிட்டது, துகள் வளையவில்லை. மையத்திலிருந்து தூரம் 51.15 ஆகிவிட்டது. ஒவ்வொரு அடியிலும் இப்படி இரண்டு சதவீதத்துக்கு மேல் வெளியே நழுவும். ஒரு சுற்று முடியும்போது அது நிற்பது மையத்திலிருந்து சுமார் 97 கிலோமீற்றரில். கடல் எதுவுமே செய்யவில்லை. நமது கணக்கு மட்டும் துகளைச் சுழியிலிருந்து தூக்கி எறிந்துவிட்டது. ஒரு மணிநேர இடைவெளிக்கு மாறினாலும் 56இல் நிற்கும்.

திருத்தம் சின்னது. அரை அடி போய்ப் பாருங்கள். அங்கே உள்ள வேகத்தைக் குறித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். அந்த வேகத்தால் முழு அடியையும் வையுங்கள். அதே ஆறு மணிநேரத்தில், ஒரு சுற்றின் முடிவில் இப்போது 50.4. இதை இடைப்புள்ளி முறை என்பார்கள். இன்னும் திருத்தமாக வேண்டுமென்றால் நான்காம் வரிசை ருங்கே-குட்டா. மென்பொருள்கள் பெரும்பாலும் வைத்திருப்பது அது. எந்த முறையென்றாலும் இந்தச் சுழிச் சோதனையில் தேறாத தாளைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மிதப்பதெல்லாம் தண்ணீர் அல்ல

தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் எதையும் காற்றும் தள்ளும். பொருளின் வடிவத்தைப் பொறுத்து, காற்றின் வேகத்தில் 1 முதல் 3 சதவீதம் வரை கூட்டிப் பார்ப்பது வழக்கம். செக்கனுக்கு 10 மீற்றர் வாடையில் 3 சதவீதம் என்றால் 0.3 மீற்றர், நாளுக்கு 26 கிலோமீற்றர். நீரோட்டம் தெற்கே, தள்ளும் காற்றோ கரையை நோக்கி. ஆகவே மூங்கில் மிதவை வன்னிக் கரையில் ஏறிவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் ஏறாமல் தெற்கே போய்விடுகிறது. றெஜிபோம் துண்டு ஒரு கதை சொல்லும், மூழ்கி மிதக்கும் வலைத்துண்டு வேறு கதை சொல்லும். கரையில் கிடப்பதை வைத்து நீரோட்டப் படம் வரைந்தால் நீங்கள் வரைவது பாதிக்கு மேல் காற்றின் படம்.

கடலைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளில் தெரியாத சின்னச் சின்னக் கலக்கங்களுக்கு ஒவ்வொரு அடியிலும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்ப்பார்கள். கலக்கக் குணகம் செக்கனுக்கு 10 சதுர மீற்றர் என்றால், ஒரு மணிநேர அடிக்குச் சுமார் 270 மீற்றர். பத்து நாளில் பரவல் 4 கிலோமீற்றர் அளவுதான் வரும், ஏனென்றால் இது நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வது. அடுத்துச் சொல்லப்போவது அப்படியில்லை.

பக்கத்துத் துளிகள் பிரியும் இடம்

ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு துகள்களை விடுங்கள். சுழிக்குள் இருந்தால் ஒன்றாகவே சுற்றும். இரண்டு சுழிகளுக்கு நடுவிலுள்ள எல்லையில் இருந்தால் ஒன்று வடக்கே சென்னைப் பக்கமும் மற்றது தெற்கே திருகோணமலைப் பக்கமும் போகலாம். ஐந்து நாள் கழித்து இடைவெளி 55 கிலோமீற்றர் என்றால், 55இன் இயற்கை மடக்கை 4. ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 0.8. இதுதான் வரையறுத்த நேர லியப்புனோவ் அடுக்கு. பெயர்தான் பயமுறுத்தும், வேலை இவ்வளவே. 0.8 என்றால் உங்கள் தொடக்க இடத்தின் பிழை 21 மணிநேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது.

கடற்பரப்பு முழுவதும் துகள்களைக் கட்டம் கட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இந்த எண்ணைக் கணித்து நிறம் தீட்டினால், உயர்ந்த எண்கள் மெல்லிய முகடுகளாகத் தெரியும். தண்ணீர் பெரும்பாலும் கடக்காத கண்ணுக்குத் தெரியாத வேலிகள் அவை. ஒரு நொடியின் வேக வரைபடத்தில் இந்த வேலிகளைக் காணவே முடியாது. பாலத்துக் கேள்வியும் சாதாளைக் கேள்வியும் வேறு என்று தொடக்கத்தில் சொன்னதன் சாரம் இங்கேதான் இருக்கிறது. வேகம் எவ்வளவு எளிமையாகவும் ஒழுங்காகவும் இருந்தாலும், நேரத்தோடு சற்று ஆடினால் போதும், பாதைகள் குழம்பிவிடும் என்று ஹசன் ஆரெப் 1984இல் காட்டினார். ஜோர்ஜ் ஹாலரும் மற்றவர்களும் 2000ஆம் ஆண்டு தொடக்கம் அந்த வேலிகளைக் கண்டுபிடிக்கும் கணிதத்தை வளர்த்தார்கள். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவு பரவியதை விளக்க இந்த முறைகள் பயன்பட்டன.

பழகுவதற்கு இரட்டைச் சுழி மாதிரி நல்லது. ஒரு செவ்வகத்துக்குள் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழிகள், நடுக்கோடு மட்டும் இடமும் வலமும் ஆடும். சமன்பாடு இரண்டு வரி. ஆட்டத்தை நிறுத்தி ஒருமுறை, ஆடவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தரவும் மென்பொருளும்

ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் கடல் சேவை, அமெரிக்காவின் ஹைகொம், நாசாவின் ஒஸ்கார் ஆகிய மூன்றிலும் வேகத் தரவு இலவசம். பைதன் ஓரளவு தெரிந்தால் பாதை போடுவதற்குப் பார்சல்ஸ், ஓப்பன்டிரிப்ட் என்ற இரண்டு திறந்த மென்பொருள்கள் உள்ளன. நான் புதியவர்களுக்கு ஓப்பன்டிரிப்டைச் சொல்வேன். காற்றுத் தள்ளலை அது ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஒரே துகளை விட்டுப் பாதை வரைவது அழகாக இருக்கும், நம்பத்தகாது. ஆயிரம் விடுங்கள், விடையைச் சதவீதமாகச் சொல்லுங்கள். ஒதுங்கிய பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். காற்றுத் தள்ளலை 1, 2, 3 சதவீதமாக மாற்றி மூன்று தரம் ஓட்டி, மூன்று விடையையும் காட்டுங்கள்.

கொப்பர்நிக்கஸின் உலக மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நந்திக்கடல் அதில் இல்லை, நாயாற்றுக் களப்பு இல்லை, கரைவலை போடும் தூரமும் இல்லை. கரையை ஒட்டிய கட்டங்களில் துகள்கள் நிலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அது கரையொதுங்கல் என்று மகிழ்ந்துவிடாதீர்கள், பெரும்பாலும் மாதிரியின் குறைதான்.

கடலில் சரிபார்ப்பது

கடலியலாளர்கள் விடும் மிதவைக் கருவிகளுக்கு 15 மீற்றர் ஆழத்தில் ஒரு துணிக்குழாய் தொங்கும். காற்றை விட்டுத் தண்ணீரோடு போவதற்காக. கரையோரத்துக்கு நீங்களே சின்னதாகச் செய்யலாம். நீர் புகாத பெட்டியில் இடம் காட்டும் பழைய தொலைபேசி, கீழே சிலுவையாகக் கட்டிய துணிப் பாய்கள், நீருக்கு மேல் தெரியும் பகுதி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விடுவதற்கு முன் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்திடம் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எங்கே ஓட்டம் திரும்பும் என்பதை அவர்கள் உங்கள் கணினிக்கு முன்னமே சொல்லிவிடக்கூடும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடற்படைக்கும் அறிவியுங்கள். நம்முடைய கடலில் கம்பியும் மின்கலமும் உள்ள பெட்டி ஒன்று மிதந்தால் கண்டவர் சும்மா இருக்கமாட்டார். பெட்டியின் நான்கு பக்கமும், தமிழிலும் சிங்களத்திலும், இது என்ன, யாருடையது, எந்த இலக்கத்துக்கு அழைக்கவேண்டும் என்று அழியாத மையில் எழுதிவிட்டுப் படகில் ஏற்றுங்கள்.